சுவரிலிருந்து ஏட்டுக்கு

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்கும் வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் என்றும் குறைவு இருந்ததில்லை. சிலப்பதிகாரம் பிறந்த சேர நாட்டில் வாழ்கின்றோம் என்னும் பெருமிதத்தால், பழம்பெருமை பேசுவதில் நாம் எவர்க்கும் பின்னடைவதில்லை. ஆனால் குழந்தைகளுக்கென ஒதுக்கப்படும் பக்கத்தில் ஒரு விடுகதையும் ஒரு பாட்டும் இடம்பெற்றால் போதும் என்று அமைந்துவிடுகின்றோம். இவ்வாண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைகளுக்குரிய ஒரு சிறு பட நூல். பெரியோர் நிரம்பிய அவையில் பட நூலைக் கையிலேந்தி நிற்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். அந்நூலின் பின்னே நிற்கும் வரலாறு நகைப்புக்குரியதன்று.

நூலின் ஆங்கிலப் பெயர் ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’. ‘என் தூரிகையின் பின்னே’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 1994இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தாரா பதிப்பகம் 2010ஆம் ஆண்டை ஒட்டி இதனை வெளியிட்டது. படங்களைத் தீட்டியவர் பீகார் மாநிலத்துத் துலாரி தேவி என்னும் அம்மையார். கதையும் அவருடைய வாழ்க்கையே. அதற்குச் சொல் வடிவம் கொடுத்தவர் அப்பதிப்பகத்தை நிறுவிய கீதா வுல்ஃப். வீடு பெருக்கிப் பிழைத்த ஒரு பெண், தன்னுள் ஓர் ஓவியர் இருப்பதைக் கண்டுகொண்ட கதை அது.

பீகாரில் நடந்த கதைக்கும் நம்மை அடுத்துள்ள போனக்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு வரும். ஆங்கிலத்தில் ‘பான் அக்கார்டு’ என்றும் எழுதுவர். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு நடந்து செல்வோர் இங்கிருந்தே புறப்படுகின்றனர். அம்மலைத் தொடரின் கிழக்கே தாமிரவருணி இறங்கிப் பாண்டி நாட்டை வளமாக்குகின்றது. மேற்கே கரமனையாறு இறங்குகின்றது. பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாக நகரத்து வீடுகளின் குழாயில் வருவது அந்த மேற்குச் சரிவின் நீரே. தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவர் உறையும் மலை என்று நாம் மேடையில் போற்றும் மலையின் அடிவாரத்தில், தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி வாழ்ந்தன என்பதை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

வெள்ளையர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டம் அது. திருவிதாங்கூர் மலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறை யாவரும் அறிந்ததே. கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், குடும்பம் குடும்பமாக மலைக்கு அழைத்துச் செல்வான். லயத்தில் ஓர் அறையும் ஒரு திண்ணையும் கிடைக்கும். 1951ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை காப்பகமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்தைவருக்கு மேற்பட்டால் கல்வி வசதியும் வேண்டும் என்று விதித்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. போனக்காடு கேரளத்தில் நின்றது. லயத்துத் தமிழருக்கு அந்நாளில் மாறியது மாநிலத்தின் பெயர் ஒன்றே. காலையில் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிரையில் நிற்பது மாறவில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அத்தோட்டமும் செயலற்றுப் போயிற்று. ஆலையின் இயந்திரங்கள் துருவேறின. கூலி நிலுவையில் நின்றது. பல குடும்பங்கள் பிழைப்பு நாடி வெளியேறின. போக்கிடமில்லாதோர் கூரை ஒழுகும் லயங்களிலேயே தங்கினர். இன்று போனக்காடு என்றால் செய்தித்தாள்களுக்கு நினைவு வருவது, பாழடைந்த பங்களா ஒன்றில் பேய் உலவுகின்றது என்னும் கதைதான். பேயைக் காண மலையேறும் இளைஞர் கூட்டம், அதே மலையில் லயத்தில் மனிதர் வாழ்வதைக் கண்டதாகத் தெரியவில்லை.

அந்த லயத்து வாயிலிலும் விடியற்காலையில் கோலம் உண்டு. தமிழ்க் குடும்பம் எங்கே குடியேறினும், நெல்லும் நீரும் மாறினும், வாயிலைத் தெளித்துப் புள்ளி வைப்பது மாறுவதில்லை. அரிசி மாவு கிடைக்காவிடின் கல்மாவு. அதுவும் இல்லையெனின் சுண்ணக்கட்டி. வெயில் ஏறுமுன் மிதிபட்டு அழியும் இந்தச் சித்திரத்தைக் கலை என்று சொல்ல நமக்கு நாவெழுவதில்லை, வழக்கம் என்கின்றோம். பீகாரின் மிதிலைப் பகுதியிலும் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் சித்திரம் எழுதுகின்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘அரிபன்’. நம் கோலத்திற்கு உடன்பிறந்தவள் போன்றது அது. துலாரி தேவியின் கதை இந்த மிதிலையில்தான் தொடங்குகின்றது.

மிதிலை என்றவுடன் சனகனும் சீதையும் நம் நினைவுக்கு வருவர். அவர்கள் வழிவந்ததாகக் கருதப்படும் நாட்டில், திருமணம் நடக்கும் வீட்டின் மணவறைச் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் எழுதுவது பெண்களின் பழைய வழக்கம். அவ்வறையைக் ‘கோபர்’ என்பர். தாய் எழுத மகள் பார்ப்பாள்; மகள் மருமகளாகிப் போன ஊரில் தான் எழுதுவாள். வெளியார் எவரும் அதனைக் கண்டதில்லை. காண வேண்டிய தேவையும் அப்பெண்களுக்கு இருந்ததில்லை.

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரு நிலநடுக்கம் தாக்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் இடிந்து விழ, உள்ளறைச் சுவர்கள் வெட்டவெளியில் நின்றன. சேதத்தைப் பார்வையிட வந்த ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரி அச்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டு திகைத்து நின்றார். அவற்றைப் படம் பிடித்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து 1949இல் ‘மார்க்’ என்னும் கலை இதழில் கட்டுரையும் எழுதினார். உலகம் மிதிலை ஓவியத்தை அறிந்தது இவ்வாறுதான். வீடு இடிந்த பின்னரே வீட்டினுள் இருந்த செல்வம் பிறர் கண்ணுக்குப் பட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

மற்றொரு துன்பமே அடுத்த வாயிலைத் திறந்தது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரில் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் நிலவியது. அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் பொறுப்பில் இருந்த புபுல் செயகர் அம்மையார், பாஸ்கர் குல்கர்ணி என்னும் பம்பாய் ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தாருங்கள், விலைக்கு வாங்கிக்கொள்கின்றோம் என்று வீடு வீடாகச் சென்று கேட்பதே அவர் பணி. முதலில் பெண்கள் தயங்கினர். மணவறைக்கு உரியதை விற்பதா என்னும் தயக்கம் அது. பசி தயக்கத்தை வென்றது. சாணம் கரைத்த நீரைத் தாளில் பூசிச் சுவரைப் போலவே ஆக்கிக்கொண்டு, விளக்குக் கரியும் மஞ்சளும் அவுரியும் பூச்சாறும் கொண்டு எழுதத் தொடங்கினர். செகதம்பா தேவி 1975இலும், சீதா தேவி 1981இலும், கங்கா தேவி 1984இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதலில் தாள் சென்று சேர்ந்தது பெரும்பாலும் பிராமணர், காயத்தர் ஆகிய இரு வகுப்பினரின் வீடுகளுக்கே. நிறைத்து வண்ணம் தீட்டும் ‘பர்னி’ முறையும், நுண் கோடுகளால் இழைக்கும் ‘கச்னி’ முறையும் அவ்வீடுகளின் பெயராலேயே வழங்கின. பின்னரே துசாத் வகுப்புப் பெண்கள் தம் உடலில் குத்திக்கொள்ளும் பச்சை வடிவங்களைத் தாளில் இறக்கித் தமக்கென ஒரு நெறி கண்டனர். திறமை எல்லா வீட்டிலும் இருந்தது. தாள் எல்லா வீட்டிற்கும் போகவில்லை.

துலாரி தேவி பிறந்தது மதுபனியை அடுத்த ராந்தி என்னும் சிற்றூரில், மல்லா என்னும் மீனவர் குலத்தில். மீன் பிடிப்பதும் விற்பதும் வயலில் கூலி வேலை செய்வதும் குடும்பத்தின் தொழில். பள்ளிக்கூடம் என்பது அவருக்கு வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயதளவில் மணமாயிற்று. பிறந்த பெண் குழந்தை இறந்தது. சில ஆண்டுகளில் புகுந்த வீட்டை விட்டுத் தாய் வீடு திரும்பினார். திரும்பிய பின் வயிற்றுப்பாட்டுக்கு வழி, ஊரில் வசதியுள்ள வீடுகளில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் துலக்குவது. அவ்வாறு அவர் வேலைக்குச் சேர்ந்த வீடுகள் மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி என்னும் இரு பெரும் ஓவியர்களுடையவையாக அமைந்ததை ஊழ் என்பதா, நற்பேறு என்பதா?

அவ்வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே தலைவி எழுதுவதைப் பார்ப்பார். தம் வீட்டுக்கு வந்து மண்ணை மெழுகி, குச்சியால் அவ்வடிவங்களைக் கீறிப் பார்ப்பார். மண்ணில் எழுதியதை மண்ணோடு அழிப்பார். எவரும் அறியார். ஒருநாள் துணிந்து, தமக்கும் கற்றுத் தர இயலுமா என்று தலைவியிடம் கேட்டார். சிறுமியர்க்குச் சொல்லும் கதையில் இந்த இடம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். ஆயினும் வேலைக்காரப் பெண் ஒருத்தி வீட்டுத் தலைவியின் முன் நின்று, நீங்கள் செய்வதை நானும் செய்யலாமா என்று கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பெரியவர்களாகிய நாம் அறிவோம். அத்தலைவியும் துடைப்பத்தை எடு என்று சொல்லவில்லை. கற்றுக்கொள் என்றார். மகாசுந்தரி தேவிக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2013இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய எத்தனையோ ஓவியங்களைப் போற்றுவோர் உளர். அன்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லையும் யான் அவற்றோடு சேர்த்தே எண்ணுகின்றேன்.

துலாரி தேவி எழுதியவற்றில் இராமனும் கிருட்டிணனும் உண்டு. ஆயினும் அவர் கைக்கே உரியவை வலையும் படகும், மீன் சந்தையும், குளக்கரைப் பெண்களும், வயலில் குனிந்து நாற்று நடுவோரும். பழைய ஓவியர் எவரும் மணவறைச் சுவரில் எழுதாத பொருள்கள் இவை. கற்ற நெறி தலைவியுடையது. எழுதிய வாழ்வு தம்முடையது. சென்னைப் பதிப்பகத்தார் அவரிடம் கேட்டதும் இதனையே. தெய்வக் கதை வேண்டாம், உங்கள் கதையை எழுதித் தாருங்கள் என்றனர். படிப்பறியாத ஒருவர் தம் வரலாற்றைத் தாமே நூலாக்குவது எவ்வாறு? அவர் படமாக எழுதினார், வாயால் சொன்னார், மற்றவர் சொற்களை வரியில் அமைத்தார். வேலைக்காரி என்று மட்டுமே தம்மை அறிந்திருந்த பெண், ஓவியர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்வதோடு அக்கதை நிறைகின்றது. எட்டு வயதுக் குழந்தை ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம்.

பட நூல் என்பது குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கருவியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1658இல் நூரம்பெர்க் நகரில் கொமேனியுஸ் என்னும் ஆசிரியர் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’, உலகப் பொருள்களைப் படத்தால் காட்டிச் சொற்களைக் கற்பித்தது. தமிழில் குழந்தைகளுக்கென முதலில் தோன்றிய இதழ், 1840இல் நாகர்கோவிலில் வெளிவந்த ‘பால தீபிகை’ என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது; ஆதலின் அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு என்று உரிமை பாராட்டலாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்நகரின் மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். குழந்தைகளுக்காக அவர் பாடியவை வீடுதோறும் ஒலித்தன. பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. படந்தான் தாமதித்து வந்தது. அதற்குக் காரணம் பொருட்செலவு. வண்ணப் படம் ஒன்றை அச்சிட ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித் தகடு வேண்டும். ஒரு மொழியின் வாசகரை மட்டும் நம்பி அச்செலவைத் தாங்குவது கடினம். ஆகவே படத்தை ஒருமுறை செய்து, எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றும் வழி கைக்கொள்ளப்பட்டது.

அவ்வழியில் பெருவெற்றி கண்டது, நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’. தெலுங்கில் ‘சந்தமாமா’, மலையாளத்தில் ‘அம்பிளி அம்மாவன்’. நம் குடியிருப்பில் வளர்ந்தோர் பலருக்கு இது நினைவிருக்கும். நாம் தமிழில் படித்த கதையை அடுத்த வீட்டுப் பிள்ளை மலையாளத்தில் படிப்பான். எழுத்து வேறு, படம் ஒன்றே. விக்கிரமன் வாளேந்தி வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் படத்தைப் பார்த்து இருவரும் ஒரே இரவில் அஞ்சினர். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தாலும் பிரிக்க முடியாத ஒற்றுமை அது.

அப்படத்தை எழுதியவர் தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவு என்னும் ஊரில் 1924இல் பிறந்த கே. சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்று கையொப்பமிட்டவர். சிறுவயதில் சென்னைக்கு வந்து படித்தார். பள்ளி ஆசிரியர்கள் அவர் கைத்திறனைக் கண்டு ஓவியம் பயிலத் தூண்டினர். 1941இல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அன்று அதன் தலைவர், மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. ‘கலைமகள்’ இதழில் முதலில் பணி. பின்னர் 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எழுதினார். 2010களில் இதழ் நின்றது. 2020 செப்டம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில், மறைவுக்குப் பின் அளிக்கும் விருதாக அவர் பெயர் இடம்பெற்றது.

அதே 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் துலாரி தேவியின் பெயரும் இருந்தது. ஆசிரியர் கண்டெடுத்த பிள்ளையும், வீட்டுத் தலைவி கண்டெடுத்த பெண்ணும் ஒரே தாளில் நின்றனர். இருவரும் குழந்தைகளுக்குப் படம் தந்தவர்கள். இருவருடைய படமும் சென்னையில் அச்சேறி உலகம் கண்டது.

இந்நகரோடு தொடர்புடைய மற்றொரு சங்கரரையும் இவ்விடத்தில் விட்டுவிட இயலாது. காயங்குளத்தில் 1902இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் அறிவியல் பயின்ற கேசவ சங்கர பிள்ளை, பள்ளியில் வகுப்பறையில் உறங்கிய ஆசிரியரைப் படமாக எழுதித் தலைமையாசிரியரின் சினத்துக்கு ஆளானார் என்பர். சினந்தவர் ஒருவர், அதே படத்தில் பையனின் திறமையைக் கண்டு ஊக்கியவர் அவருடைய மாமன். அந்தப் பையன் பின்னாளில் இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப்பட்டார். 1949இல் சிறுவர் ஓவியப் போட்டியையும் 1957இல் புது தில்லியில் சிறுவர் நூல் அறக்கட்டளையையும் தொடங்கினார். மாமன் ஒருவன் இல்லாதிருந்தால் அவர் வழக்கறிஞராகியிருப்பார் போலும். சட்டம் பயிலத் தொடங்கியதும் உண்மை. நல்லவேளையாக அதனைத் தொடரவில்லை.

‘மறைந்திருக்கும் திறமை’ என்னும் தொடரை நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். யாரிடமிருந்து மறைந்திருப்பது? மிதிலைச் சுவர் ஆர்ச்சருக்கு மறைந்திருந்தது. எழுதிய பெண்ணுக்கு மறைந்திருக்கவில்லை. இதற்குப் போனக்காட்டு மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1987இல் அகத்திய மலையில் தாவர ஆராய்ச்சிக்குச் சென்ற அறிஞர்கள் களைத்து நின்றபோது, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்ததைக் கண்டனர். அதுவே ‘ஆரோக்கியப்பச்சை’. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தார் அதனை ஆராய்ந்து ‘சீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கே அளிப்பதென முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. காணிக்காரர் எல்லாரும் இதனை ஒருமனமாக ஏற்றார்கள் என்று சொல்ல இயலாது. தங்களைக் கேளாமல் நடந்தது என்று குறைபட்டோரும் உளர். ஆயினும் அறிந்தவனுக்கு அவன் அறிவின் பயனில் பங்குண்டு என்னும் நெறி ஏட்டில் ஏறியது. உலக நாடுகள் பலவும் எடுத்துக்காட்டாகப் பேசும் செய்தி இது. அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நாளிதழ்கள் எழுதின. காணிக்காரனோ அதனை என்றுமே தொலைத்தவனல்லன்.

கோலத்தின் கதையும் இத்தகையதே. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் நம் பெண்கள் போடும் கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்தனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலப் புள்ளிக்கும் கம்பிக்கும் இலக்கணம் உண்டு என்று நிறுவி, 1974இல் அவர்கள் எழுதிய கட்டுரை அயல்நாட்டுக் கணிப்பொறி இதழில் வெளிவந்தது. சிறு கோலத்திலிருந்து பெருங்கோலத்தை விதி பிறழாமல் வளர்க்கும் முறையை, எண்ணும் எழுத்தும் அறியாத கிழவிகள் விரல் நுனியில் வைத்திருந்தனர். அகத்தியர் மலையடிவாரத்து லயத்திலும் இலக்கணம் இருந்திருக்கின்றது. வாயிற்படியில் இருந்தமையால் நாம் குனிந்து பார்க்கவில்லை.

துலாரி தேவி தாம் கற்றதை ஊர்க் குழந்தைகளுக்கும் கற்பித்தார். 2025 பிப்ரவரி 1ஆம் நாள், மதுரையில் பிறந்த நம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசித்தபோது உடுத்தியிருந்தது துலாரி தேவி தம் கையால் மீன்களும் மலர்களும் எழுதித் தந்த புடவை. தொலைக்காட்சியில் கண்ட நம் வீட்டுப் பெண்கள் புடவையின் கரையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். அதில் குற்றமில்லை. அதனை எழுதிய கை ஒரு காலத்தில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்த கை என்பதைக் குழந்தைகளுக்குச் சொன்னால், அவர்கள் அப்புடவையை வேறு கண்ணால் பார்ப்பர்.

நம் குடியிருப்பில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் காலையில் ஒரு பெண் வந்து பெருக்கித் துடைத்துப் போகின்றாள். சிலர் மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த குடும்பத்தினர், தமிழே பேசுவர். விடுமுறையில் அவர்களோடு பிள்ளைகளும் வருவதுண்டு. தாய் வேலை முடிக்கும்வரை அப்பிள்ளை அடுக்களை வாயிலில் அமர்ந்திருக்கும். நம் பிள்ளை எழுதி எறிந்த தாளின் மறுபுறம் வெறுமையாகத்தான் கிடக்கின்றது. ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எல்லாரும் ஓவியராகிவிடுவர் என்று யான் சொல்லவில்லை. ஒருத்தி பாடலாம், ஒருவன் கணக்கில் புலியாகலாம், ஒருவன் கடிகாரத்தைப் பிரித்துச் சேர்க்கலாம். இன்னது என்று தெரிந்துகொள்ள ஒரு பொழுதாவது பார்த்திருக்க வேண்டும்.

சங்கத்தின் செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றேன். அடுத்த ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் ஒப்பித்தல் ஆகியவற்றோடு மண்டபத்தின் ஓர் ஓரத்தில் நீண்ட மேசை ஒன்று இடுக. அதில் நம் தாய்மாரும் பாட்டிமாரும் காத்து வைத்துள்ள கோல நோட்டுகளைப் பரப்புக. பக்கத்தில் தாளும் வண்ணமும் வைத்து, சங்க உறுப்பினர் பிள்ளைகள் என்றோ அல்லாதார் பிள்ளைகள் என்றோ பாராமல், வருகின்ற குழந்தை எதுவாயினும் அமர்ந்து எழுத விடுக. பரிசு வேண்டா, நடுவரும் வேண்டா. போனக்காட்டில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் விதுராவில் குடியேறியவர்களுக்கும் முன்கூட்டியே அழைப்பு அனுப்பி, வந்து போகும் பேருந்துக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம். மேற்சொன்ன பட நூலின் படிகள் சிலவற்றையும் வாங்கி மேசையில் வைத்தல் நன்று. ஆங்கிலத்தில் இருப்பினும் தடையில்லை. அதன் பெரும்பகுதி படந்தானே, அருகிருந்து தமிழில் சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும். கோல நோட்டு தர இசைவோர் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். நோட்டு கசங்கியிருப்பினும், மஞ்சள் கறை பட்டிருப்பினும் குறையில்லை.